பூவலிங்கத்தின் குரல் இன்றைக்கு யாரிடம்

பூவலிங்கத்தின் குரல் அவரை விட்டுப் போய்ப் பதினேழு நாள் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தருவைப்பட்டி ரேஷன் கடையில் எடை போடுகிற சந்தனராஜின் வாயிலிருந்து அது வெளியே வந்தது. "சீனி வந்தாச்சு, பருப்பு அடுத்த வாரம், மண்ணெண்ணெய் கேக்காதிய" என்று தினமும் சொல்கிற மூன்றையும்தான் சந்தனராஜ் சொன்னார். ஆனால் அந்தக் கரகரப்பும், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து அந்தரத்தில் தொங்கவிடுகிற அந்த வழக்கமும் அப்படியே இருந்ததால், வரிசையில் நின்ற நாற்பது பேரும் மண்ணெண்ணெய் இல்லை என்ற செய்திக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள், சிரித்து முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி குரல்லா இது" என்றாள் முன்னால் நின்ற ஒரு பெண்.

"ஆமா, அவரோடதுதான்" என்றார் பின்னால் நின்றவர். பையை நீட்டினார்கள், சீனி வாங்கினார்கள். சந்தனராஜ் மட்டும் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார், அந்த அழுகையும் பூவலிங்கத்தின் குரலிலேயே வந்தது.

பூவலிங்கம் உப்பளத்தில் வாய்க்கால் வெட்டுகிறவரின் நாலாவது மகன். பத்தாவது முடித்ததும் திருச்செந்தூருக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒரு கதையை ஆரம்பிப்பார், அது எந்த ஊரில் முடியும் என்று அவருக்கே தெரியாது. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்து, கதை முடிந்ததும் இரண்டு ஊர் தள்ளி இறங்கி, வெயிலில் சிரித்துக்கொண்டே நடந்து திரும்பி வந்தவர்கள் அந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். அந்தப் பஸ்ஸில் சிரித்துச் சிரித்து வலி கண்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்கு இன்றைக்கும் 'டிக்கெட்' என்றுதான் பட்டப்பெயர்.

பிறகு கோயில் கொடையில் பேசக் கூப்பிட்டார்கள், மாதா கோயில் திருவிழாவில் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, தொழிற்சங்கக் கூட்டம் என்று எதுவும் அவர் இல்லாமல் நடக்கவில்லை. கேசட் வந்தது, ரேடியோ வந்தது. சென்னையிலிருந்தும் கூப்பிட்டார்கள், போனார், பதினோராவது நாள் திரும்பி வந்து, "அங்க ஒருத்தனும் வாக்கியம் முடியுத வரைக்கும் நிக்க மாட்டேங்கான்" என்றார். பெரிய விஷயம் எதையும் அவர் பேசியதில்லை. தெருக்குழாயைப் பற்றிப் பேசுவார், பஸ்ஸைப் பற்றிப் பேசுவார், எல்லாவற்றையும்விட அதிகமாகத் தன் மனைவி தங்கபுஷ்பத்தைப் பற்றிப் பேசுவார். "ஊரு பூரா உப்பு விளையுது, எங்க வீட்டு ரசத்துல மட்டும் எப்பவும் மழைக்காலம்" என்பார். "நேத்து எங்க வீட்டம்மா என்னை ஒரு வார்த்தை ஏசல. என்னம்மான்னு கேட்டேன். நாளைக்கு நிறைய இருக்கு, இன்னைக்குத் தொண்டைக்கு ரெஸ்டுன்னுட்டா" என்பார். ஊர் சிரிக்கும். தங்கபுஷ்பம் மீன் வாங்கப் போனால் மீன்காரிகூட, "மைனி, உப்பு வாங்கிட்டியளா?" என்று கேட்பாள். தங்கபுஷ்பம் சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு போவாள். இவ்வளவு கேலியைக் கேட்க மனசில்லாமல்தான் அவள் புருஷனின் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

வெளியே அத்தனை பேச்சையும் பேசிவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டுக்குள் வந்தால் பேச்சு மிச்சம் இருக்காது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் "போதும்" என்பார், அல்லது "இன்னும் கொஞ்சம்" என்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் தொண்டை ஆறட்டும் என்று அவளும் பேசாமலே பரிமாறுவாள். அப்படியே முப்பத்துநாலு வருஷம் போனது.

அந்த வருஷம் பங்குனியில் அவர் குரல் தடித்தது, மைக்கில் கோளாறு என்று நினைத்தார்கள். வைகாசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருடைய குரல்வளையை எடுத்தார்கள், எடுத்தால்தான் உயிர் என்றார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளையும், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியும், கையில் ஒரு சிலேட்டும் பலப்பமுமாக அவர் தருவைப்பட்டிக்குத் திரும்பினார். ஊர் பார்க்க வந்தது. எதிரே வந்து உட்கார்ந்தவர்களுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் அவரிடம் யாரும் பேசிப் பழகியதில்லை, கேட்டுத்தான் பழக்கம். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நாலாம் நாள் அவர் கதவைச் சாத்தச் சொல்லி எழுதினார். யார் வந்தாலும் தங்கபுஷ்பம் வாசலில் நின்று, "உறங்குதாவ" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தக் கதவைத்தான் சந்தனராஜ் கடையைப் பூட்டிவிட்டு வந்து தட்டினார். "மைனி, கதவைத் தொறங்க" என்ற குரலைக் கேட்டு உள்ளே தங்கபுஷ்பத்தின் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கட்டிலில்தான் இருந்தார், அவரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தனராஜ் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, சத்தியமா நான் எடுக்கல. காலைல எந்திரிச்சு வாயத் தொறந்தேன், இது வந்துட்டு. எப்படித் திருப்பித் தாரதுன்னு தெரியல" என்றார்.

பூவலிங்கம் ரொம்ப நேரம் அவர் வாயையே பார்த்தார். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார்: "பத்திரமா வச்சிக்கோ. ஐஸ் தண்ணி மட்டும் குடுக்காத, அதுக்கு ஆகாது."

பொழுது அடைந்ததும் சந்தனராஜின் சொந்தக் குரல் அவருக்குத் திரும்பிவிட்டது. மறுநாள் காலையில் பூவலிங்கத்தின் குரல் கணக்கு டீச்சர் ஜெபக்கனியிடம் இருந்தது. எட்டாம் வகுப்பில் அவள் பின்னங்களை நடத்த, அதுவரை கணக்கென்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைகள்கூட மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பள்ளிவாசல் மோதினார் காதர் மைதீனிடம் வந்தது. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பாங்கு சொல்வதை அன்றைக்கு ஒருநாள் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் பகல் முழுவதும் பூவலிங்கத்தின் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார், "இது இருக்க வேண்டிய இடம் இதுதானே" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்கு ஒரு முறை வைத்துவிட்டது. தொழிற்சங்கக் கட்டடத்தில் கூடிப் பேசினார்கள். குரல் யாருக்கு வந்தாலும் ஒளித்து வைக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும். காலையில் முதல் வேலையாக அண்ணாச்சி வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்து, அவர் சிலேட்டில் எழுதுவதை அவர் குரலில் வாசிக்க வேண்டும், பிறகுதான் தன் சொந்த ஜோலி. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு கரும்பலகை மாட்டி, 'பூவலிங்கத்தின் குரல் இன்று' என்று பெயிண்டில் எழுதி, அதன் கீழே தினமும் சாக்பீஸில் பெயர் எழுதினார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி அதை வாசித்துவிட்டு ஏதோ அரசியல் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். குரலைச் சுமந்துகொண்டு யாராவது ஊரைத் தாண்டப் பார்த்தால் ரயில்வே கேட்டிலேயே அது இறங்கிவிடும், கண்டக்டராக இருந்தவரின் குரல், எங்கே இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரியாதா என்றார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் மரியசெல்வத்துக்கு அது வந்த நாளில் சைக்கிள் திருடியவன் ஒருவனை அவர் மிரட்ட மிரட்ட அவன் சிரித்துச் சிரித்துத் திருடியதை எல்லாம் தானே ஒப்புக்கொண்டான். அந்த மரியசெல்வம் காலையில் சீருடையோடு பூவலிங்கத்தின் வீட்டில் வந்து அமர்ந்து, சிலேட்டில் எழுதுவதற்கு முன்னால் தானே பேச ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, எங்க சின்னவ காய்ச்சல்ல போனப்ப, மூணு மாசம் நானும் வீட்டுக்காரியும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கல. ஒரு நாளு பக்கத்து வீட்டு ரேடியோவுல நீங்க தெருக்குழாயப் பத்திப் பேசுனிய. அவ அடுப்படியில சிரிச்சிட்டா, நான் கூடத்துல சிரிச்சிட்டேன். சிரிச்சிட்டோமேன்னு ரெண்டு பேரும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சு அழுதோம். அன்னைக்குத்தான் எங்க வீட்டுல மறுபடி உலை வச்சது. இத உங்ககிட்டச் சொல்லணும்னு பன்னெண்டு வருஷமா நினைச்சிருக்கேன், நீங்க எங்க பேச விடுதிய."

பூவலிங்கம் பலப்பத்தை விரலில் உருட்டினார். "என் குரல்லயே எனக்கு நன்றி வருது. நான் யாருக்குத் திருப்பிச் சொல்ல?" என்று எழுதினார். மரியசெல்வம் அதை அவர் குரலில் வாசித்தார், வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். குரல் வந்த அன்றைக்கு அவர்களுக்குத் தைரியமும் வந்தது. பரீட்சையில் தோற்று ஊரை விட்டு ஓட இருந்தவன் ஒரு கொடையில் அவர் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியதைச் சொன்னான், பிரசவத்துக்குப் பிறகு காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருந்த ஒருத்தி அவருடைய கேசட் ஒன்றை நாடா தேயும்வரை போட்டுக் கேட்டதைச் சொன்னாள். தான் வெறும் வாய் பேசிப் பிழைத்தவன் என்று நினைத்திருந்த பூவலிங்கம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் தன் குரலிலேயே தன் வாழ்க்கையை மற்றவர்கள் சொல்லக் கேட்டார்.

மரியசெல்வம் வந்த அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அவர் புறப்படும் நேரம் பூவலிங்கம் அவசரமாக ஒன்றை எழுதி நீட்டி, சமையலறைப் பக்கம் கை காட்டினார். மரியசெல்வம் சமையலறை வாசலில் விறைப்பாக நின்று, "புஷ்பம், நேத்து வச்ச குழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று வாசித்தார்.

தங்கபுஷ்பம் அடுப்பைப் பார்த்தபடியே, "முப்பத்துநாலு வருஷம் கழிச்சு இதச் சொல்ல போலீசயா அனுப்புதிய?" என்றாள்.

மரியசெல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடினார். பூவலிங்கம் சிலேட்டை அழித்தார். மனைவியிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வாயில் வைத்து அனுப்ப அவர் பிறகு முயலவே இல்லை. அவள் அடுப்படியில் இருந்தபடி எல்லோரும் சொல்கிற நன்றியையும் கேட்டுக்கொண்டிருந்தாள், காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

ஆடியில் ஒரு நாள் குரல் பேச்சியம்மாளிடம் இருந்தது. உப்பு வாரப் போகிறவள். அன்று காலையில்தான் அவளுடைய அப்பா இறந்தார். அவள் அப்பாவின் காலடியில் விழுந்து ஒப்பாரியை எடுத்தபோது ஊரையே சிரிக்க வைத்த குரல் வெளியே வந்தது, சுற்றி இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்பாவை அழக்கூட வழியில்லாமல் போனதே என்று அவள் தோள் மட்டும் ஆடியது. யாரோ போய்ப் பூவலிங்கத்திடம் சொன்னார்கள். இரண்டு மாதமாக வாசல்படி தாண்டாத அவர் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார். சாவு வீட்டில் பேச்சியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை வாயிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, அழு என்று தலையை அசைத்தார். அவள் அழுதாள். அந்தக் குரல் வாய்விட்டு ஒப்பாரி வைத்து அதுவரை ஊரில் யாரும் கேட்டதில்லை. உப்பளத்தில் அறுபது வருஷம் கால் புண்ணாகி நின்ற ஒரு மனிதருக்காகப் பூவலிங்கத்தின் குரல் மத்தியானம் வரை ஓயாமல் அழுதது, ஊர் முழுக்க நின்று கேட்டது, அந்த அளவு மரியாதையோடு தருவைப்பட்டியில் எந்தப் பணக்காரரும் போய்ச் சேர்ந்ததில்லை. அன்றிலிருந்து பூவலிங்கம் மறுபடியும் வெளியே நடமாட ஆரம்பித்தார்.

இப்படி நாலு மாதம் போனது. குரல் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போய்விட்டது, சில வீடுகளுக்கு இரண்டு தடவைகூடப் போனது. தங்கபுஷ்பத்திடம் மட்டும் வரவில்லை. "மைனி, உங்களுக்கு இன்னும் வரலையா?" என்று தண்ணீர்க்குழாயில் கேட்டார்கள். "என் வாயில அதுக்கு என்ன ஜோலி" என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் கிணற்றடிக்குப் போய் யாருக்கும் கேட்காமல் "ம்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

தருவைப்பட்டியில் மழைக்கு முன்னால், புரட்டாசி முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, உப்பளத் தொழிலாளர்கள் எல்லோரும் கூடுவது வழக்கம். முப்பது வருஷமாக அதில் கடைசியாகப் பேசுவது பூவலிங்கம்தான். அந்த வருஷம் கூட்டத்தன்றைக்கு அவருடைய குரல் யாருக்கு வருமோ என்று ஒரு வாரமாக டீக்கடையில் அதே பேச்சு. ஞாயிறு விடிந்தது. ஒருவருக்கொருவர் வாயைத் திறந்து காட்டினார்கள். எல்லோரிடமும் அவரவர் குரல்தான் இருந்தது. எட்டு மணிக்கும் கரும்பலகை வெறுமையாக இருந்தது. போய்விட்டது போலிருக்கிறது என்று சந்தனராஜ் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

தங்கபுஷ்பம் அன்றைக்கு அசந்து உறங்கிவிட்டாள், கிணற்றடிக்குப் போகாமல் நேராக அடுப்பைப் பற்ற வைத்தாள். காப்பியை ஆற்றிக் கணவர் முன்னால் வைத்து, "சூடா இருக்கு, பாத்து" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பூவலிங்கம் அண்ணாந்து பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின, கழுத்துத் துணி படபடத்தது. குரல் போன பிறகு அவர் சிரிப்பது அப்படித்தான்.

"சிரிக்காதிய. சாயங்காலம் நானா பேசணும்?" என்றாள் அவள் அவருடைய குரலில்.

பகல் முழுவதும் அவள் சிலேட்டை அவர் முன்னால் வைத்துக் கெஞ்சினாள், என்ன பேச வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னாள். அவர் இரண்டே சொல் எழுதினார்: "நீயே பேசு."

நாலு மணிக்கு அவள் மேடை ஏறினாள். பூவலிங்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பம் மைக்கைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் என்னைப் பாக்காம வேற எங்கயாச்சும் பாருங்க. எனக்குக் கால் நடுங்குது" என்றாள். அந்தக் குரலுக்கே பாதிக் கூட்டம் சிரித்துவிட்டது. "இது அவிய குரலு. பேசுதது நான். நான் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லன்னுதான நினைச்சிட்டிருக்கிய? ஒரு கூட்டம் விடாம வந்திருக்கேன். மேடைக்குப் பின்னால ஒரு படுதா கட்டுவியல்லா, அதுக்கு அங்கிட்டு நிப்பேன். ஏன்னா இந்த மனுஷருக்கு உங்களக் கண்டா பயம்."

கூட்டம் பூவலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேரக் கூப்பிடுததுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கப்ப வாந்தி எடுப்பாவ. நான் ஒரு சட்டியத் தூக்கிட்டுக் கூடவே அலையணும். ஒரு பள்ளிக்கூடத்து விழாவுல சட்டி கொண்டுபோக மறந்துட்டேன். பெரிய அதிகாரி ஒருத்தருக்கு மாலை வாங்கிக் கூடையில வச்சிருந்தாவ. இவிய அதுல எடுத்துட்டாவ. அந்த அதிகாரி மாலையப் போட்டுக்கிட்டு, இது என்ன பூவு, இந்த ஊருப் பூவா, வாசம் புதுசா இருக்கேன்னு கேட்டாரு."

கூட்டம் நாற்காலியிலிருந்து சரிந்தது. மரியசெல்வம் தூணைப் பிடித்துக்கொண்டார். தங்கபுஷ்பம் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்புறம் என் கையப் பிடிச்சிக்குவாவ. ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். பேரக் கூப்பிட்டதும் கைய உதறிட்டு முன்னால போயி, எங்க வீட்டம்மா இருக்காளேன்னு ஆரம்பிச்சிருவாவ. இப்பத்தான்யா அந்த வீட்டம்மா கையப் பிடிச்சிட்டு நின்ன! எனக்குக் கோவம் வரும். வராம இருக்குமா? உங்க எல்லாருக்கும் அவிய முகம் தெரியும், எனக்கு முதுகுதான் தெரியும். சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கிடக்கும். நீங்க ஒரு தடவ சிரிப்பிய, கொஞ்சம் உலரும். இன்னொரு தடவ சிரிப்பிய, இன்னும் கொஞ்சம் உலரும். பேசி முடிக்கையில சட்டை காத்துல ஆடும். அதப் பாத்தா எனக்குக் கோவம் போயிரும். என்னைச் சொல்லித்தான் சிரிச்சிய, சிரிச்சிட்டுப் போங்க. என் புருஷன உலர்த்தி, உசிரோட வீட்டுக்கு அனுப்பி வச்சிய. அதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னு எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சு."

அவள் கும்பிட்டாள். யாரும் கை தட்டவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டார்கள், பூவலிங்கமும் எழுந்து நின்று கும்பிட்டார்.

அன்றைக்குப் பொழுது அடைந்த பிறகும் குரல் அவளை விட்டுப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கரும்பலகையில் அவள் பெயரை அழிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அண்ணாச்சி குரலுக்கு நிரந்தரமாக ஒரு வீடு கிடைத்துவிட்டது என்றார்கள், ஒன்பது நாளில் ஆறு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், ஆறுக்கும் போனாள், ஆறிலும் ஊர் உருண்டு சிரித்தது. தங்கபுஷ்பத்துக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கால் நடுக்கம்கூட நின்றுவிட்டது.

பத்தாம் நாள் மதுரைக்குப் போய் வந்தார்கள். நோய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, தை வரைக்கும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் பூவலிங்கம் சிலேட்டை எடுத்தார்.

"புஷ்பம், உன் குரல் எங்க?"

"அதான் உங்க குரல் இருக்கே" என்றாள்.

"இத அறுபது வருஷமாக் கேட்டுட்டேன். உன்னோடதத்தான் கேக்கவே இல்ல" என்று எழுதினார். எழுதியதை அழிக்காமல் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் தங்கபுஷ்பம் டீக்கடைக்குப் போனாள். சந்தனராஜ் இருந்தார், பேச்சியம்மாள் இருந்தாள், இன்னும் பலர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். "நான் போகச் சொன்னா இது திரும்ப வருமோ வராதோ. ஊர்ச் சொத்து மாதிரி ஆகிப்போச்சு. அதான் உங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு வந்தேன்" என்றாள்.

போகச் சொல்லலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் பேச்சியம்மாள்தான் சொன்னாள். "எங்க அப்பாவுக்காக ஒரு நாள் அழுதுச்சே, அது போதும் எனக்கு. நம்மகிட்ட நிறைய இருந்துட்டு. நீங்க அனுப்பி வைங்க மைனி."

"அனுப்புததுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு" என்றார் சந்தனராஜ். "என் பேர ஒரு தடவ சொல்லச் சொல்லுங்க. பஸ்ஸுல சின்னப் புள்ளையா இருக்கப்ப, சந்தனராசு உள்ள தள்ளி நில்லுடேன்னு சொல்லுவாவ."

"சந்தனராசு" என்றாள் தங்கபுஷ்பம் அந்தக் குரலில். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்து பேச்சியம்மாள் வந்து நின்றாள். செய்தி பரவி, பள்ளிக்கூடம் விட்டு, உப்பளம் விட்டு, கடைகளை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். டீக்கடையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் வரிசை நின்றது. ஜெபக்கனி, காதர் மைதீன், மரியசெல்வம், கைக்குழந்தைகள், கண் தெரியாதவர்கள், பஸ்ஸில் வலி கண்டு பிறந்த டிக்கெட் உட்பட எல்லோரும் வந்தார்கள், தங்கபுஷ்பம் ஒவ்வொருவர் பெயரையும் அந்தக் குரலில் ஒரு தடவை சொன்னாள், அவர்கள் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். சூரியன் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது கடைசி ஆளும் போய்விட்டார். அவள் தனியாக நின்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி கையைக் குவித்து, "போயிட்டு வாங்க" என்றாள். "போயிட்டு" என்பது பூவலிங்கத்தின் குரலில் இருந்தது, "வாங்க" என்பது அவளுடைய சொந்தக் குரலில், மெல்லிசாக, கொஞ்சம் வேகமாக வந்தது.

வீட்டுக்குப் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன பேசட்டும்?" என்றாள். "எதையாச்சும்" என்று எழுதினார்.

ஐப்பசி மழை முழுவதும் அவள் பேசினாள், கார்த்திகையில் பேசினாள், மார்கழிப் பனியில் அவருக்குப் போர்த்திவிட்டுக்கொண்டே பேசினாள். அம்மா வீட்டுக் கதை, மீன்காரியின் மருமகள் கதை, அவர் மேல் வந்த கோபங்கள், சொல்லாமல் விட்ட பதில்கள், மேடைக்குப் பின்னால் நின்றபோது காலில் ஏறிய கட்டெறும்புகள் என்று முப்பத்துநாலு வருஷத்தையும் சொன்னாள். இவ்வளவு நன்றாகக் கதை சொல்கிற ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாளா என்று அவர் அவளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

தை பிறந்து பதினோராம் நாள் காலை, அவள் தன் கல்யாணத்துக்கு முந்திய கதை ஒன்றைச் சொன்னாள். அவளுக்கு இரண்டு ஜாதகம் வந்திருந்தது. ஒன்று சாத்தான்குளத்தில் ஒரு வாத்தியாருடையது, இன்னொன்று ஒரு பஸ் கண்டக்டருடையது. இரண்டையும் அவளுடைய அப்பா முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. அது வந்து வாத்தியார் ஜாதகத்தை முழுசாகத் தின்றுவிட்டது. கண்டக்டர் ஜாதகத்தை மோந்து பார்த்தது, பிடிக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டது.

"வேற வழியில்லாம உங்களுக்கு என்னைக் குடுத்தாவ. இத யாரும் உங்கள்ட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்க அப்பா சத்தியம் வாங்கியிருந்தாவ" என்றாள்.

பூவலிங்கத்தின் தோள்கள் இரண்டும் குலுங்கின. கழுத்துத் துணி படபடவென்று அடித்தது, கண்ணில் நீர் வழிந்தது, கை சிலேட்டைத் தேடியது, எடுத்துக் கொடுத்தாள். எழுதினார். எழுதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் துணி ஆடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது.

ஊர் வந்தது. எல்லோரும் அழுதார்கள், அவரவர் குரலில் அழுதார்கள். சந்தனராஜ் அவர் மார்பின்மேல் கிடந்த சிலேட்டை எடுத்து வாசித்தார், மறுபடியும் வாசித்தார், ஒன்றும் விளங்காமல் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அதில் 'அந்த ஆட்டுக்கு நன்றி' என்று இருந்தது.

"என்ன மைனி இது, எந்த ஆடு?"

அழுகை சட்டென்று நின்றது. தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் உட்காருகிற வரைக்கும் காத்திருந்து, அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுல ஒரு வெள்ளாடு இருந்துச்சு..."